‘அம்மா எப்ப வரும்?’ என்று கேட்கும் மகனிடம் என்ன சொல்வது?

தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மனைவி வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைத்துவந்தவர். மார்பகப் புற்றுநோய் வந்து, இரண்டு ஆண்டு வைத்தியத்துக்குப் பிறகு ஈரலுக்குப் பரவி, நான்கு மாதங்களுக்கு முன்பு, மாசியில், 41 வயதில் இறந்துவிட்டார். பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும் மகள், ஏழு வயது மகன்.

‘மாதக்கணக்குதான்’ என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மனைவியிடம் இவர் சொல்லவில்லை. ‘கட்டி கரைஞ்சுக்கிட்டு வருதாம்’ என்றே கடைசி வரை சொல்லியிருக்கிறார். இறந்த அன்று மகனைப் பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘அம்மா சாமிகிட்ட போயிருக்கு’ என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது தினமும் சாயங்காலம் ‘அம்மா எப்ப வரும்?’ என்று கேட்கிறான். தூங்கப் பயப்படுகிறான், படுக்கையில் சிறுநீர் போகிறான். சுடுகாட்டுக்கு நானும் வருகிறேன் என்று கேட்ட மகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை, அதிகம் பேசுவதுமில்லை. சமையல், தம்பியின் பாடம் எல்லாவற்றையும் அவளே பார்க்கிறாள்.

இதற்கு நடுவில் மனைவியின் 14 பவுன் நகை யாருக்கு என்று இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை. வருஷம் திரும்புவதற்குள் மனைவியின் தங்கையையே கட்டிக்கொள் என்று இவருடைய அம்மா வற்புறுத்துகிறார். இவருக்குத் தூக்கமில்லை. ராத்திரியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. குடித்தால்தான் தூக்கம் வருகிறது. ‘பொய் சொல்லியே அனுப்பி வைத்துவிட்டேன் மேடம். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நகைத் தகராறுக்கு நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது பீரோவைத் திறந்தீர்கள். பையனுக்கு மூன்று செட் யூனிபாரம் தைத்து மடித்து வைத்திருந்தது. ஒன்று இப்போதைய அளவு. மற்ற இரண்டும் ஒன்றைவிட ஒன்று பெரியது. ‘கீமோவுக்குப் போய்வந்துகொண்டிருந்த உடம்பு, எப்போது உட்கார்ந்து தைத்தாளோ தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மறுபடி வளையல் கணக்குக்குப் போய்விட்டீர்கள்.

என் அம்மாவும் தைத்தவர்தான். அதனால் சொல்கிறேன். வளரும் பிள்ளைக்கு யூனிபாரம் தைக்கும்போது கால்சட்டையின் கீழே நாலு விரல் மடிப்பு விடுவார்கள். இடுப்பில் கொஞ்சம் துணி உள்ளே வைப்பார்கள். வருஷ நடுவில் பிரித்துவிட்டால் போதும். அடுத்த ஜூனுக்கு அடுத்த ஜூனில் தைத்துக்கொள்ளலாம். அடுத்த ஜூனிலும் அதற்கடுத்த ஜூனிலும் தான் மிஷினில் உட்கார்ந்திருப்போம் என்று நினைக்கிற ஒரு தையல்காரம்மா, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே துணி வெட்டமாட்டார்.

உங்கள் மனைவிக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். எப்போது, எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் ‘கரைஞ்சுக்கிட்டு வருதாம்’ என்று சொன்னதையும், அவர் தலையாட்டியதையும், அதே வாரங்களில் இந்த யூனிபாரம் தைக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றவில்லை. புற்றுநோய் வார்டில் பல வருஷம் ஆலோசகராக இருந்தவள் நான். வீட்டுக்காரர் வெளியே வந்து ‘அவளுக்குத் தெரியாது மேடம், சொல்லிடாதீங்க’ என்பார். உள்ளே போனால், ‘அவருக்கு எனக்குத் தெரியும்னு தெரியாது மேடம், சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்’ என்று அந்த அம்மா சொல்வார். உடம்பு யாருடையதோ அவருக்கு அது சொல்லிவிடும். எடை, பசி, டாக்டரின் முகம், சொந்தக்காரர்கள் திடீரென்று கிளம்பி வந்து பார்ப்பது எல்லாமே சேதிதான்.

ஆகவே ‘ஏமாற்றி அனுப்பிவிட்டேன்’ என்பதை நான் ஏற்கவில்லை. அதே சமயம், நீங்கள் செய்தது சரி என்று ஆறுதலுக்காகச் சொல்லவும் மாட்டேன். ‘நம்ம நிலைமை என்னன்னு முழுசா தெரிஞ்சுக்கணுமா உனக்கு?’ என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த யூனிபாரத்தை அவர் உங்களுக்கு முன்னாலேயே தைத்திருப்பார், இருவரும் சேர்ந்து அழுதிருப்பீர்கள். அந்த வாய்ப்பு போய்விட்டது. அந்த வருத்தம் நியாயமானது, அதை உங்களிடமிருந்து பிடுங்கிவிட நான் விரும்பவில்லை. ஆனால் அன்பினால் மறைத்தீர்கள், அவரும் அன்பினால் மறைத்தார் என்றுதான் நான் படிக்கிறேன். ‘சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்’ என்கிறீர்கள். பீரோவில் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. மனைவியிடம் செய்ததையே இப்போது மகனிடமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். அங்கே திருத்த முடியாமல் போனது. இங்கே இந்த வாரமே திருத்தலாம்.

பையனிடம் சொல்ல வேண்டிய சொல்

‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், கொஞ்ச நாளில் மறந்துவிடுவான்’ என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை என்பதற்கு நனைந்த படுக்கையே சாட்சி. சாவைப் புரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயம் பிடிபட வேண்டும். செத்தவர் திரும்பி வரமாட்டார். செத்த உடம்புக்குப் பசி, வலி, குளிர் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரு நாள் இது வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இவை பிடிபட்டுவிடும். உங்கள் மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். அவனால் புரிந்துகொள்ள முடியும், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

‘போயிருக்கு’ என்றால் பிள்ளை அகராதியில் ‘வரும்’ என்று அர்த்தம். ஊருக்குப் போயிருக்கு, கடைக்குப் போயிருக்கு, சாமிகிட்ட போயிருக்கு. அதனால்தான் எப்ப வரும் என்று கேட்கிறான். போதாததற்கு அத்தை வீட்டில் ‘தூங்கும்போதே சாமி கூப்பிட்டுக்கிட்டார்’ என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தூங்கினால் சாமி கூப்பிட்டுக்கொள்வார் என்று கேட்ட பிள்ளை எப்படித் தூங்குவான்?

லீவு நாளில், காலை வேளையில், வீட்டில் நீங்கள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். படுக்கப் போகும் நேரம் வேண்டாம். இப்படிச் சொல்லலாம்:

“தம்பி, அப்பா உன்கிட்ட ஒரு விஷயத்தைத் தப்பா சொல்லிட்டேன். அம்மா வெளியூருக்குப் போகல. அம்மா இறந்து போச்சு. அம்மா உடம்புல புற்றுநோய்னு ஒரு பெரிய வியாதி வந்துச்சு. டாக்டருங்க எல்லா மருந்தும் குடுத்தாங்க, சரியாகல. அம்மா உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே அம்மாவால திரும்பி வர முடியாது. நீ செஞ்ச எதனாலயும் இது வரல. உன்மேல கோவிச்சுக்கிட்டும் போகல.”

கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அடம்பிடித்தோம், ஊசிக்கு அழுதோம், அதனால்தான் அம்மா போய்விட்டது என்று இந்த வயதுப் பிள்ளைகள் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். வெளியே சொல்லமாட்டார்கள்.

அழுவான். அழாமல் விளையாடவும் போய்விடலாம். இரண்டுமே சரிதான். பெரியவர்கள் துக்கத்தில் மணிக்கணக்காக இருப்பார்கள். பிள்ளைகள் அதில் கால் நனைத்துவிட்டு ஓடிப்போய், மறுபடி வந்து நனைப்பார்கள். அப்புறம் கேள்வி வரும். ‘அம்மாவை எரிச்சப்ப சுட்டிருக்காதா?’ என்று கேட்டால், “உடம்பு வேலை செய்யறது நின்னப்புறம் சூடு, வலி எதுவும் தெரியாது” என்று சொல்லுங்கள். ‘எனக்கும் அது ஒட்டிக்குமா?’ என்றால், ஒட்டாது, இது தொற்று வியாதி இல்லை. ‘நீயும் செத்துப்போவியா?’ என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கேள்வி. ‘சாகவே மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். “எல்லாரும் ஒரு நாள் சாவோம். அப்பா உடம்பு நல்லா இருக்கு, நீ பெரியவனாகி ரொம்ப நாள் வரைக்கும் இருப்பேன்னுதான் நினைக்கிறேன். எனக்கு எதாவது ஆனாலும் அக்கா, அத்தை, பாட்டி எல்லாரும் உன்னைப் பார்த்துக்குவாங்க” என்று ஆட்களைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான் என்று எழுதியிருந்தீர்களே, அது அடம் இல்லை.

அதே கேள்வியை அடுத்த நாளும் கேட்பான். பதில் மாறுகிறதா என்று சரிபார்க்கிறான். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியும் அத்தையும் அதே சொற்களைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அம்மா சாமியிடம் இருக்கிறார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அதையும் சொல்லலாம். முதலில் இறந்தது, பிறகு சாமி. அந்த வரிசை மட்டும் மாற வேண்டாம். வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள். சில வாரத்தில் குறையாவிட்டாலோ, சிறுநீர் போகும்போது வலி என்று சொன்னாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அழாத மகள்

‘அம்மா இடத்துல நின்னு பார்த்துக்குது புள்ள’ என்று ஊரே பாராட்டுகிறது. ‘ஒரு சொட்டு கண்ணீர் விடல, கல் நெஞ்சுக்காரி’ என்று அதே ஊரில் ஒரு சித்தி. இரண்டு பேச்சும் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல்தான். பாராட்டு ரொம்பவே கெடுதல், ஏனென்றால் அதை மறுக்க முடியாது.

நீங்கள் கடையை மூடிவிட்டு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். வீடு சின்னது. அவளுக்குக் கேட்காது என்றா நினைக்கிறீர்கள்? அப்பா மறைத்து அழுகிறார், ஆகவே நாமும் மறைக்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அழுகையைத் துக்கத்தின் மீட்டராக வைத்துப் பார்ப்பது தப்பு. இந்த வயதில் துக்கம் எரிச்சலாக வரும், வயிற்றுவலியாக வரும், பாடத்தில் மனம் நிற்காததாக வரும். உங்கள் மகளுக்கு ஓயாத வேலையாக வந்திருக்கிறது.

முதலில் அடுப்பை அவளிடமிருந்து வாங்குங்கள். சுத்தமாக வாங்கிவிட வேண்டாம், அம்மாவின் புளிக்குழம்பை அவள் வைக்க ஆசைப்படலாம். ஆனால் காலைச் சமையல் உங்கள் பொறுப்பாகட்டும், அல்லது ஆள் வையுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை விடிகாலை நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘நானும் வர்றேன்ப்பா’ என்று அவள் கேட்டபோது, உங்கள் மைத்துனர் ‘பொம்பளப்புள்ளைக வரக்கூடாது’ என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தீர்கள். இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கும் அது உறுத்துகிறது என்று புரிகிறது. ‘சாஸ்திரம் அப்படி, சட்டமும் அப்படித்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அப்படி இல்லை. பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது, கொள்ளி வைக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2018-ல் வாஜ்பாய்க்குத் தீ மூட்டியது அவருடைய வளர்ப்பு மகள் நமீதாதான், நாடே டிவியில் பார்த்தது. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடுவது நம் பக்கத்து வழக்கம், அவ்வளவுதான். வழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருமுனையில் நின்றிருந்தது ஒரு 14 வயதுப் பெண், அவளுடைய அம்மா போய்க்கொண்டிருந்தார் என்று மட்டும் சொல்கிறேன். “அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். எனக்குத் தைரியம் வரல” என்று சொல்லுங்கள். விளக்கம் கொடுக்க வேண்டாம்.

கலயத்தில் மிச்சம் இருப்பது

அஸ்தியில் பாதியை மறுநாளே ஆற்றில் கரைத்துவிட்டீர்கள். மீதியை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்று கலயத்தில் கட்டித் தோட்டத்து வேம்பில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஆடி அமாவாசைக்கு நீங்களும் அண்ணனும் போவதாகத் திட்டம். பிள்ளைகளை விட்டுவிட்டு.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் யாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். வந்து போகிறவர்களுக்கு அது சரி. உங்கள் வீட்டில் பெற்ற பிள்ளைகளையும் அப்படியே எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். ஒருத்தி தெருமுனை வரை, ஒருவன் பக்கத்து ஊர் வரை. அந்த வழியனுப்பு இன்னும் பாதி பாக்கி இருக்கிறது, அந்தக் கலயத்தில்.

ராமேஸ்வரத்துக்கு நீங்கள் மூவரும் போங்கள். உங்கள் மாமியார் வர விரும்பினால் அவரும் வரட்டும். மகளை இழந்த அம்மாவுக்கும் வழியனுப்ப வேண்டியிருக்கும். ஆடி அமாவாசை வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. ஏழு வயதுப் பையனைக் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு, புரோகிதர் அவசரப்படுத்த, அவனுக்கு எதுவும் பதியாது. சாதாரண நாள் ஒன்றில், விடியும் நேரத்தில் போங்கள். கலயத்தில் என்ன இருக்கிறது, அதை ஏன் கடலில் விடுகிறோம் என்பதை முந்தின நாளே பையனுக்குச் சொல்லுங்கள். ‘தொட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்டால் தொடவிடுங்கள். வரமாட்டேன், பார்க்கமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், கரையில் பாட்டியோடு நிற்கட்டும். கலயத்தை மகள் கையில் கொடுங்கள். அதற்கு அண்ணனிடமோ மைத்துனரிடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. போய்வந்து சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் மனைவி சுமங்கலியாகப் போனவர், பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்தப் புடவை படைக்கும் நாளில் எந்தப் புடவை என்பதை மகள் தேர்ந்தெடுக்கட்டும். இறந்தவரை ‘மறந்து மீள வேண்டும்’ என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே பாடம் நடத்தினார்கள். இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது, நல்லதும்கூட என்று 1990-களில்தான் ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். நம் பாட்டிகள் அவர்களுக்கு முன்பே புடவை வைத்துப் படைத்துவிட்டார்கள்.

யூனிபாரத்தை என்ன செய்வது? ஜூனிலேயே முதல் செட்டைப் போட்டு அனுப்பிவிட்டீர்கள், ஆனால் யார் தைத்தது என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்லுங்கள். பெரிய இரண்டையும் காட்டுங்கள்.

நகை

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். ‘பொறந்த வீட்டு நகை, பொறந்த வீட்டுக்கே’ என்று மாமியார் தரப்பு சொல்கிறது. ‘பொண்டாட்டி நகை புருஷனுக்கு’ என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். இரண்டுமே தப்பு. இந்துப் பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, முதல் வரிசையில் மகன், மகள், கணவன் மூவரும் சம பங்கு பெறுவார்கள். பிள்ளைகள் இருக்கும்போது அவருடைய அம்மாவுக்குப் பங்கு வராது. உங்களுக்கும் மூன்றில் ஒன்றுதான். லாக்கரிலோ கணக்கிலோ உங்கள் பெயர் நாமினியாக இருந்தாலும், நாமினி என்பவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான், அதனாலேயே உரிமையாளராகிவிட மாட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். கடை நெருக்கடிக்குப் பிள்ளைகள் பங்கை அடகு வைக்காதீர்கள்.

ஆனால் மாமியார் உண்மையில் கேட்பது பவுனைத்தானா? ‘அந்தச் சின்ன ஜிமிக்கியை மட்டுமாவது குடுங்க’ என்று அவர் அழுததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி வயசுக்கு வந்தபோது அவர் வாங்கிப் போட்ட ஜிமிக்கி. சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை. பேத்தியிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், நீங்கள்

ராத்திரியில் மிஷின் சத்தம் கேட்பது. 1971-ல் வேல்ஸ் நாட்டில் டாக்டர் ஒருவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசிப் பார்த்து எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்திருந்தார்கள், சிலர் குரல் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள். பதினேழு வருஷம் கேட்ட சத்தம் நான்கு மாதத்தில் காதைவிட்டுப் போகாது.

யூடியூபில் துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று பார்த்துவிட்டு, நான் இன்னும் மூன்றாவது கட்டத்திலேயே நிற்கிறேன் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி. இழந்து நிற்பவர்களை வைத்து எழுதியதல்ல. பஸ் ஸ்டாப் மாதிரி வரிசையாக வராது. ஒரு நாள் அழுவீர்கள், மறுநாள் கடையில் சிமென்ட் விலையைப் பற்றி உற்சாகமாகப் பேசுவீர்கள், பேசிவிட்டோமே என்று குற்ற உணர்வு வரும். இப்படிப் போய் வந்துகொண்டிருப்பதுதான் ஆரோக்கியமான துக்கம்.

குடியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்கிறீர்கள். அது தூக்கம் வரவைக்கும், பாதி ராத்திரியில் எழுப்பியும் விட்டுவிடும், காலையில் மனதை இன்னும் கீழே தள்ளும். அதைவிட முக்கியமாக, இருக்கிற ஒரே பெற்றோரும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இல்லாமல் போகிறார் என்றுதான் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் படும். தினமும் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வியர்வை வரலாம். ஆகவே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சொல்லி, டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். தூக்கத்துக்கும் அவர்களே வழி செய்வார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘நீடித்த துக்கம்’ இப்போது தனி நோயாகவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும், தினமும், அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் அப்படியே கெட்டியாக நின்றால்தான் அந்தப் பெயர். உங்களுக்கு இப்போது அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் ‘பிள்ளைகள் மட்டும் இல்லை என்றால் நானும் போயிருப்பேன்’ என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. அந்த எண்ணம் திரும்ப வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-ம் இருக்கிறது. அந்த ராத்திரி தனியாக இருக்காதீர்கள். அண்ணனை வந்து படுக்கச் சொல்லுங்கள்.

மறுமணத்தைப் பற்றி இப்போது முடிவெடுக்கவே வேண்டாம். வருஷத்துக்குள் செய்தாக வேண்டும் என்ற அவசரம் உங்கள் அம்மாவுடையது. கொழுந்தியாளிடம் யாராவது கேட்டார்களா என்று எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. அந்தப் பெண்ணும் அக்காவை இழந்தவர்தான்.

கடைசியில் ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தீர்கள். மனைவியின் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன், நிறுத்திவிடலாமா என்று. நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரீசார்ஜ் நின்றால் சில மாதத்தில் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கை 120 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அவர்களே அழித்துவிடுவார்கள். நீங்கள் ராத்திரி போட்டுக் கேட்கும் அந்த வாய்ஸ் மெசேஜ்கள், ‘வரும்போது பால் வாங்கிட்டு வாங்க’ என்பது உட்பட, எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி வையுங்கள், இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள். உங்களுக்கு வராது என்றால் மகளிடம் கேளுங்கள். பத்தே நிமிஷத்தில் செய்துவிடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேட்கலாம்.